ஒன்பது சென்டிமீட்டர்

மூங்கில் குச்சி நட்டது நான்தான்.
தேக்காவில் வாங்கிய பயற்றம் விதை எட்டு.
முளைத்தவை ஐந்து.
ஒன்றைப் புறா கிள்ளிவிட்டது.
மீதி நான்குக்கும் நான்கு குச்சி,
உச்சியில் நைலான் முடிச்சு.
ஈசூன், ஏழாவது மாடி, நடைபாதை ஓரம்,
வெயில் பத்தேகால் மணி வரை மட்டும்.

மூன்று கொடிகள் சொன்ன பேச்சு கேட்டன.
நான்காவது
குச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது,
பெண் பார்க்க வந்தவர்கள்
காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்துபோவதுபோல.

பக்கத்தில் நின்றது நிலனின் சைக்கிள்.
மொட்டையடித்துக்கொண்டு
தெக்கோங் தீவுக்குப் படகேறிய பையனின் சைக்கிள்.
பின்சக்கரத்தில் ஆரம்பித்தது.
பற்றுக்கம்பி கிடையாது பயற்றுக்கு,
உடம்பேதான் கயிறு.
எப்போதும் இடஞ்சுழியாய்,
கம்பி கம்பியாய் எண்ணிக்கொண்டு
சீட்டுக்கு ஏறியபோது எனக்கு இரவு வேலை வாரம்.
கைப்பிடிக்கு வந்தபோது
பார்த்தேன். பேசாமல் இருந்தேன்.

தேர் கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும்.
நான் எதையும் கொடுக்கவில்லை.
அது எடுத்துக்கொண்டது.

அசுவினி மொய்த்த வாரம்
அடுத்த வீட்டு மேடம் சியூ
கேட்காமலே சோப்புத் தண்ணீர் தெளித்துவைத்தார்.
கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

நகர மன்றத்தின் ஆரஞ்சு ஒட்டுத்தாள்
மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது:
பதினான்கு நாளில் அகற்றாவிட்டால்
அகற்றப்படும்.
அன்றுதான் முதல் பூ.
ஊதாவாய் விடிந்து
மதியத்துக்குள் மஞ்சளித்துச் சுருண்டுகொள்ளும் பூ.

தொலைபேசினேன். ஃபைசால் என்றொரு பையன் வந்தான்.
அளவுநாடாவை இழுத்தான்.
"ஒன்பது சென்டிமீட்டர் அதிகம், ஆன்ட்டி."
எது அதிகம், சைக்கிளா செடியா என்றேன்.
யோசித்தான்.
அவன் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
"காய்க்க எத்தனை நாள்?"
"பூத்துப் பத்து."
கைப்பிடியை ஒடித்து வைத்தால் போதும் என்றான்.
இருவருமாய் ஒடித்தோம், மெல்ல, மெல்ல.
ஒரு தளிர் அறுந்தது.
"சாரி" என்றான்.
என்னிடமா என்று தெரியவில்லை.

காய்கள் சோடி சோடியாய்.
பிரேக்கிலிருந்து ஒரு சோடி,
சீட்டின் அடியில் வால்போல் ஒரு சோடி.
இழுக்கக் கூடாது, நகத்தால் கிள்ள வேண்டும்.
அதே காம்பில் அடுத்த மொட்டு
வரிசையில் நிற்கும்.
பதினேழு வந்தது.
ஒற்றைப்படை எப்படி என்று தேடினேன்.
கைப்பிடி திரும்பியதில் வழி கிடைத்து
மேடம் சியூவின் கம்பிக்கதவில் ஒன்று தொங்கியது.
அதை அங்கேயே விட்டேன்.
சோப்புத் தண்ணீர்க் கணக்கு.

வெள்ளி இரவு நிலன் வந்தான்,
கறுத்து, காதுமடல் உரிந்து.
சைக்கிளைப் பார்த்தான்.
நாளைக்கு லோயர் சிலேத்தார் வரை
ஓட்டலாம் என்றிருந்தேன், என்றான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.
முட்டை போட்டு வதக்கியதை
நின்றபடியே சட்டியிலிருந்து தின்றான்.
பூண்டு கம்மி என்றான்.

ஞாயிறு மாலை லிஃப்டுக்குப் போகுமுன்
மணியை அழுத்தினான்.
கொடி சுற்றிய மணி
'டக்' என்று மட்டும் சொன்னது.
"டயர்ல காத்தே இல்லைம்மா."

எங்கும் போகாத வண்டிக்கு எதற்குக் காற்று.
கதவைச் சாத்தினேன். துணி மடித்தேன்.
அவன் சீருடைச் சட்டையின் பொத்தான் ஒன்றைத் தைத்தேன்.
ஒன்பதரைக்கு
பம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.
முன்சக்கரத்துக்கு நாற்பது அடி,
பின்சக்கரத்துக்கு ஐம்பது, மூச்சிரைக்க.
ஒவ்வோர் அடிக்கும் இலைகளெல்லாம்
ஒருமுறை தலையசைத்தன.
டயர் நிமிர நிமிர
கொடியும் பூவும் பிஞ்சும்
அரை அங்குலம் உயர்ந்தன.